கடைசி வரியை மட்டும் பார்த்துத் திருத்திய கணக்கு

எங்கள் பள்ளியில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். இப்போது அங்கே ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற செல்வராணி, தென்காசியில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "டீச்சர், அடுக்கு விதிகளை உங்கள மாதிரி ஒருத்தரும் நடத்துனதில்லன்னு பழைய பிள்ளைய எல்லாம் சொல்லுது. அதை ஒரு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. சிரிக்கிற மாதிரி இருக்கட்டும்" என்றாள். அப்புறம் அவளே அலுத்துக்கொண்டாள். "இப்பம் யாரு கணக்குப் போடுதா? போனைக் காட்டுனா அதுவே ஒவ்வொரு வரியாப் போட்டுக் குடுத்துருது."

"போனாவது ஒவ்வொரு வரியையும் பார்க்குதே" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரிய வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். சிரிக்கிற மாதிரி ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான். மலரில் போடுவதும் போடாததும் செல்வராணி பாடு.

நான் பி.எட். முடித்து முதலில் வேலைக்குச் சேர்ந்தது திருவேங்கடம் பக்கம். பருத்தி எடுக்கிற மாதங்களில் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலியாகக் கிடக்கும். வருகிற பிள்ளைகளுக்கும் பாதி நாள் பாடம் விட்டுப்போயிருக்கும். அவர்களுக்காகக் கண்டுபிடித்ததுதான் என் ஐந்து விரல் வித்தை. கட்டைவிரல்: அடிமானம் ஒன்றாக இருந்து பெருக்கினால் அடுக்குகளைக் கூட்டு. ஆட்காட்டி விரல்: வகுத்தால் கழி. நடுவிரல்: அடுக்குக்கு மேல் அடுக்கு வந்தால் பெருக்கு. மோதிர விரல்: அடுக்கு பூஜ்யம் என்றால் விடை ஒன்று. சுண்டுவிரல்: அடுக்கு குறையில், அதாவது மைனஸில், இருந்தால் கீழே இறக்கு. தேர்வு அறையில் என் பிள்ளைகள் முப்பது பேரும் கையைத் தூக்கி விரலை மடக்கி மடக்கி விரிப்பார்கள். மேற்பார்வைக்கு வந்த ஒரு சார், சைகையில் காப்பி அடிக்கிறார்கள் என்று நினைத்து ஒரு பிள்ளையைப் பிடித்து வெளியே நிறுத்திவிட்டார். செல்வராணி கேட்ட சிரிப்பு இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

அடுத்து விடைத்தாள் திருத்தும் முகாம்கள். ஒவ்வொரு கோடையிலும் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். நீள மேசை, தலைக்கு மேல் கடகடவென்று ஓடும் விசிறி, காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. எங்கள் மேசைக்குத் தலைவராக இருந்தவர் நரைத்த மீசைக்காரர். முதல் நாளே என் பக்கத்தில் வந்து நின்று சொல்லிக் கொடுத்தார். "முதல்ல கடைசி வரியைப் பாருங்க டீச்சர். விடை சரின்னா முழு மார்க். தப்புன்னா அங்கன நிக்காதீய, மேல ஏறிப் போங்க. எந்த வரியில சறுக்குனான்னு பாத்து, அது வரைக்கும் உள்ளதைக் குடுங்க."

முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு தாளிலும் மேலே ஏறி இறங்கினேன், மதியக் கட்டு சாயந்திரம் வரை இழுத்தது. அடுத்தடுத்த வருடங்களில் கை வேகம் வந்தது. முகாமில் முதலில் கட்டை முடித்து எழுந்திருப்பவள் நான் என்று பெயர் வந்தது, அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் போனது. கடைசி வரியைப் பார்ப்பது நிலைத்துவிட்டது, மேலே ஏறிப் போவது மட்டும் விட்டுப்போனது.

பிறகு கீழப்பாவூர் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கு வந்தேன். அங்கேதான் ஓய்வு பெறும் வரை இருந்தேன். தலைமையாசிரியரை நாங்கள் பெரிய சார் என்போம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பிள்ளைகளைக்கூட "வாங்க, போங்க" என்பார். மேசையில் எப்போதும் இரண்டு பென்சில், சீவிச் சீவி ஊசி போல வைத்திருப்பார். மதிப்பெண் பதிவேட்டில் அவர் மையால் எழுதவே மாட்டார். பென்சிலால் மெல்லிசாக ஒரு வட்டம் போடுவார். "நான் பென்சில்லதான் போட்டிருக்கேன் டீச்சர். நீங்க பாத்து முடிவு பண்ணுங்க" என்று பதிவேட்டை நம் பக்கம் திருப்புவார். நாம் அந்த வட்டத்தின் மேல் சிவப்பு மையை ஓட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். ரப்பரும் பக்கத்திலேயே இருக்கும். ஒருவரும் அதை எடுத்ததில்லை.

வட்டம் என்றால், அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகாது. பத்தாம் வகுப்பில் எங்கள் பள்ளி தொடர்ந்து நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அது எப்படி வந்தது என்று வெளியே யாருக்கும் தெரியாது. தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்திவிடுவோம். நிறுத்தினால் மறுபடி ஒன்பதில் உட்காரலாம் என்பது விதி. ஆனால் அவர்கள் வீட்டாரைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கிடுங்க, தனித்தேர்வா எழுதிக்கிடலாம்" என்று பெரிய சார் தன்மையாகச் சொல்வார். அவர் சொல்கிற விதத்தில், ஏதோ உதவி செய்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

இசக்கியம்மாள் ஒரு வருடம் என் ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சு. அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறவள். இவளும் காலையில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத்தான் வருவாள், விரல் நுனியில் புகையிலைக் கறை இருக்கும். கணக்கில் கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. வாய்பாட்டில் தடுமாறுவாள், வடிவியல் என்றால் கையே நடுங்கும். ஆனால் அடுக்கு விதிகள் நடத்திய வாரத்தில் மட்டும் அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

மோதிர விரல் விதியைச் சொன்ன அன்று எழுந்து நின்றாள். "டீச்சர், அடுக்கு பூஜ்யம்னா ஒண்ணுமே இல்லன்னுதானே அர்த்தம்? பெறகு ஏன் ஒண்ணு வருது?"

"விதி அப்படி. உக்காரு" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். மறுநாள் இடைவேளையில் வராந்தாவில் என்னை நிறுத்தினாள். "டீச்சர், நான் யோசிச்சேன். எட்டை எட்டால வகுத்தா ஒண்ணுதானே? எட்டுங்குறது ரெண்டுக்குத் தலையில மூணு. மூணுல மூணைக் கழிச்சா பூஜ்யம். அதான் ஒண்ணு வருது, என்ன?" என்றாள். நான் இருபது வருடம் விரலைக் காட்டியே ஓட்டியதற்கு ஒரு பீடிக்காரி மகள் ஒரே இரவில் காரணம் கண்டுபிடித்திருந்தாள். "பரவாயில்லையே" என்று கன்னத்தில் தட்டினேன். அதைவிடப் பெரிதாகப் பாராட்ட எனக்கு அன்றைக்கு மனசு வரவில்லை.

அடைப்புக்குறிக்கு அவள் வைத்த பேர் கட்டு. பீடியைக் கட்டாகக் கட்டுகிறவளுக்கு அப்படித்தான் தோன்றியது. "ரெண்டு ரெண்டாச் சேருறது எல்லாத்தையும் கட்டுக்குள்ள போட்டுட்டா, தலையில ஒரே ரெண்டு போதும்லா டீச்சர்?" என்பாள். சரிதான் என்றேன். அவளுடைய நோட்டில் விடைக்கு முன்னால் அங்கும் இங்கும் கிறுக்கல் கிடக்கும். அதற்கு மட்டும் திட்டினேன். "கண்டதையும் நடுப்பக்கத்துல கிறுக்காதட்டி. ரஃப் வொர்க் எல்லாம் கடைசிப் பக்கம். முன்னால விடை சுத்தமா இருக்கணும்."

ஆண்டுத் தேர்வுக்கு நாலு நாள் முன்பு சாயந்திரம், ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், கணக்குல எப்படியும் பாஸ் ஆகிருவேன்லா?"

"படிச்சா ஆவ. ஏன் கேக்க?"

"பாஸ் ஆனா பத்தாவது போலாம்னு எங்கம்மை சொல்லிட்டா. இல்லாட்டா திருப்பூர் மில்லுக்கு அனுப்பிருவா. எங்க தெருவுல ஆள் எடுக்க வந்திருக்காவ."

"அஞ்சு விரலும் இருக்குல்லா? போ, போயிப் படி" என்றேன்.

அந்தத் தேர்வில் நான் கேட்ட ஐந்து மதிப்பெண் கேள்வி இது. சுருக்குக: (2x³y⁻²)³ ÷ 4x⁵y⁻⁴. மூன்று விரலை மடக்க வைக்கிற கணக்கு. மூன்றின் அடுக்கை 2க்கும் போட மறப்பார்கள், குறை ஆறிலிருந்து குறை நான்கைக் கழிக்கச் சொன்னால் குறை பத்து என்பார்கள். என் விடைக் குறிப்பில் இருந்த கடைசி வரி 2x⁴/y².

ஏப்ரல் மாத வெக்கையில், வீட்டில், குக்கர் சத்தத்துக்கு நடுவே அந்தக் கட்டைத் திருத்தினேன். இசக்கியின் தாளில் அந்தக் கேள்விக்கு இரண்டே வரி. முதல் வரி கேள்வி. இரண்டாவது வரியில் எக்ஸின் தலையில் நான்கு இல்லை, இரண்டு இருந்தது. ஒய்யின் தலையில் ஒன்றுமே இல்லை. சுழித்தேன், பூஜ்யம் போட்டேன். கடைசிப் பக்கத்தில் இருந்த ரஃப் வொர்க் மேல் வழக்கம் போலக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கூட்டினால் முப்பத்தொன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும்.

பெரிய சார் அறையில் தேர்ச்சிக் கூட்டம் நடந்தது. இசக்கியம்மாள் பேர் வந்தபோது பென்சில் நின்றது. "மத்த பாடமெல்லாம் தேறியிருக்காங்க. கணக்கு மட்டும் முப்பத்தொண்ணு. டீச்சர், நீங்க என்ன சொல்லுதிய? நாலு மார்க் போட்டு ஏத்துனா, பத்தாவதுல தேறுவாங்களா?"

நான் யோசித்தேன், யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வடிவியலில் அவள் கை நடுங்குவது நினைவுக்கு வந்தது. என் பாடத்தில் ஒரு பிள்ளை தவறி நூறு போய்விட்டால் என்ன ஆகும் என்பதும் நினைவுக்கு வந்தது. "கஷ்டம்தான் சார்" என்றேன். வட்டம் விழுந்தது. அதன் மேல் நானே மை ஓட்டினேன்.

டி.சி. வாங்க அவள் அம்மா மட்டும்தான் வந்தாள். இசக்கி வரவில்லை.

ஜூனில் பள்ளி திறந்து இரண்டாவது வாரம். சாரல் ஆரம்பித்துவிட்டது. எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பழைய விடைத்தாள்களில் எழுதாமல் விட்ட பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டு, வகுப்புத் தேர்வுக்குப் பிள்ளைகளிடம் கொடுப்போம். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒன்பதாம் வகுப்புக் கட்டைப் பிரித்துக் கிழித்துக்கொண்டிருந்தேன். இசக்கியின் தாளில் கடைசிப் பக்கம் வெறும் பக்கமா என்று பார்த்தபோது, என் சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்ததை முதல் முறையாகப் படித்தேன்.

8x⁹y⁻⁶ என்று எழுதியிருந்தாள். முன்னால் நிற்கிற 2ஐயும் மறக்காமல் மூன்று முறை பெருக்கியிருந்தாள். கீழே 4ஆல் வகுத்து 2x⁴y⁻² என்று கொண்டுவந்திருந்தாள். குறை ஆறிலிருந்து குறை நான்கு போனால் குறை இரண்டு, அதுவும் சரி. என் விடை அங்கேயே முடிந்துவிட்டது. அவள் விடவில்லை. எக்ஸுக்கு நான்கு, ஒய்க்கு இரண்டு, இரண்டுமே இரண்டிரண்டாகச் சேரும் என்று பார்த்திருக்கிறாள். பக்கத்தில் பொடி எழுத்தில் "கட்டு" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். அதற்குக் கீழே 2(x²/y)².

முன்பக்கத்தைத் திருப்பினேன். அதே விடை, அடைப்புக்குறியோடு, மேலே பொடியாக ஒரு இரண்டோடு, நான் போட்ட சுழிக்குள் இருந்தது. விரித்து எழுதினால் என் குறிப்பில் இருந்ததே வரும். சுத்தமாக விடையை மட்டும் முன்னால் எழுது என்று நான் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறாள். ஐந்து மதிப்பெண். முப்பத்தாறு.

தாளை எடுத்துக்கொண்டு பெரிய சாரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் பார்த்தார். அவரும் கணக்கு வாத்தியார்தான்.

"சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார்.

"இப்பம் என்ன சார் செய்ய?"

"பட்டியல் மேல போயி ஒப்புதல் ஆயிட்டு. டி.சி. குடுத்தாச்சு. இனி இதை எடுத்தா உங்க கையெழுத்தைத்தான் கேப்பாங்க, என் பென்சிலைக் கேக்க மாட்டாங்க." இதையும் மெதுவாகத்தான் சொன்னார். "அந்தப் பொண்ணு இதுக்குள்ள மில்லுக்குப் போயிருப்பாங்க. போன பிள்ளையைக் கூப்பிட்டு என்ன சொல்லப் போறிய? மனசைப் போட்டு அலட்டாதீங்க டீச்சர்."

போயிருப்பாங்க என்றார். போயிட்டாங்க என்று சொல்லவில்லை. நான் போய்விட்டாள் என்றே எடுத்துக்கொண்டேன். அவள் தெரு பள்ளியிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரு சாயந்திரம் போய் எட்டிப் பார்த்திருக்கலாம், ஒரு பிள்ளையை அனுப்பியாவது கேட்டிருக்கலாம். கேட்டால் ஒருவேளை இன்னும் போகவில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் என்னைத் தடுத்தது. அப்படிச் சொல்லிவிட்டால், எல்லார் முன்னாலும் என் தப்பை ஒத்துக்கொண்டு கையெழுத்தை மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

பெரிய சார் காலமாகிப் பல வருடம் ஆகிறது. பழியை அவர் மேல் போட்டுவிட்டுப் போவது சுலபம். ஆனால் பதிவேட்டில் இருந்த மை என்னுடையது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு வரியையும் படித்தேன், ரஃப் பக்கத்தையும் படித்தேன். திருத்தும் முகாமில் கடைசியாக எழுந்திருப்பவள் நானானேன். "டீச்சருக்குக் கண்ணு மங்கிட்டு" என்று கேலி செய்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். இதையெல்லாம் செய்ததால் இசக்கிக்கு ஒன்றும் திரும்பி வந்துவிடவில்லை.

போன ஆடியில், சாரல் நன்றாக இருந்த ஒரு நாள், குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு நின்றேன். "டீச்சர்!" என்று ஒரு குரல். முன்பல் கொஞ்சம் தூக்கலான அந்தச் சிரிப்பை வைத்து உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. இசக்கியேதான். திருப்பூரிலிருந்து வேன் பிடித்துத் தெருக்காரர்களோடு வந்திருக்கிறாள். பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டு பதினாலு வயதில் ஒரு பெண்.

"என் மக டீச்சர். ஒன்பதாவது படிக்கா. ஏட்டி, இவியதான் நான் சொல்லுவேன்லா, அஞ்சு விரல் டீச்சர்."

ஈரக் காற்று வராத ஒரு கடை ஓரமாகப் போய் உட்கார்ந்தோம். சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கி எனக்கும் நீட்டினாள். மில்லில் பதினோரு வருடம் இருந்தாளாம், இப்போது பனியன் கம்பெனியில் மேற்பார்வை. வீட்டுக்காரர் தையல். குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று சிரித்தாள். மகள் கணக்கில் எப்படி என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"எங்க டீச்சர்! என்னை மாதிரியே பொறந்துட்டா. நமக்குத்தான் கணக்கு ஓடாதே. ஒரே கணக்குலதானே ஃபெயில் ஆனேன். நோட்டைக் கொண்டுட்டு வந்தான்னா, என்கிட்ட கேக்காதட்டி, உங்கம்மை மண்டையில கணக்கு ஏறாதுன்னு சொல்லிருவேன்."

இருபது வருடத்துக்கு மேல் இதையே அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், மகளுக்கும் சொல்கிறாள். கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைத்தேன். மகளை வேன் பக்கம் அனுப்பச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கேள்வி, அவள் போட்ட கட்டு, என் சிவப்புக் கோடு, முப்பத்தாறு. "நீ ஃபெயில் ஆகல இசக்கி. நான்தான் சரியாப் பாக்கல. என்னை மன்னிச்சிரு தாயி" என்று அவள் கையைப் பிடித்தேன்.

அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்றும் நினைத்தேன். அவள் விரலால் மேசையில் எதையோ எழுதிப் பார்த்தாள். எக்ஸ் எழுதி, அதன் தலையில் இரண்டு போட்டு, சுற்றி ஒரு அடைப்புக்குறி. "சரிதான்" என்றாள் தனக்குத்தானே. அப்புறம் நிமிர்ந்தாள்.

"எப்பம் தெரிஞ்சுது டீச்சர் உங்களுக்கு?"

"அந்த ஜூன் மாசமே தெரிஞ்சுட்டு. ஆனா அதுக்குள்ள நீ மில்லுக்குப் போயிட்டன்னு..."

"இல்லையே டீச்சர்" என்றாள். குரலில் கோபமே இல்லை, சரியான தேதியைச் சொல்கிறவள் போலத்தான் சொன்னாள். "ஆவணி கழிஞ்சுல்லா எங்களை ஏத்த வண்டி வந்துது. அது வரைக்கும் வீட்டுலதான் இருந்தேன். காலையில நீங்க பஸ்ஸுல போறதையும் சாயந்திரம் வாறதையும் பாத்துக்கிட்டேதான் வாசல்ல உக்காந்து பீடி சுத்துனேன்."